மைனஸ் 30 தாங்கும் வெள்ளை ஒயின் திராட்சை ஏற்காட்டில் வருமா?

செம்மநத்தம் காப்பி

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டில் செம்மநத்தம் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் காப்பி இருக்கிறது, நடுவில் சில்வர் ஓக்கும் அதில் ஏற்றிய மிளகும். கீழ்ச் சரிவில் அரை ஏக்கர் போல வெறுமனே கிடக்கிறது. முன்பு அங்கே கமலா ஆரஞ்சு நின்றது, ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போக வெட்டிவிட்டோம். கிழக்கு பார்த்த சரிவு, காலை வெயில் நன்றாக விழும்.

விஷயம் இதுதான். மினசோட்டாவில் இருக்கும் என் மைத்துனர் போன மாதம் வந்தபோது ஒரு வெள்ளை ஒயின் பாட்டில் கொண்டுவந்தார். லா கிரசென்ட் என்ற திராட்சையில் வடித்ததாம். நான் ஒயின் குடித்துப் பழகியவன் இல்லை, ஆனால் மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், உலர்ந்த ஆப்ரிகாட்டை ஊறவைத்த தண்ணீரும் நாரத்தைத் தோலும் அதோடு ஏதோ ஒரு பூவும் சேர்ந்த மாதிரி, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அந்த ஊரில் குளிர்காலத்தில் மைனஸ் 30 வரை போகுமாம், அதைத் தாங்குவதற்கென்றே இனம் கலந்து உண்டாக்கிய ரகமாம். என் யோசனை என்னவென்றால், நம் மலையும் குளிர்தானே, மார்கழி விடியலில் என் வீட்டு வெப்பமானி 12 காட்டும், மைனஸ் 30 தாங்குகிற செடிக்கு 12 என்பது ஒன்றுமே இல்லையே? அடுத்த முறை வரும்போது இருபது குச்சி பெட்டியில் வைத்து எடுத்து வரச் சொல்லலாமா என்று இருக்கிறேன். இந்த மாதிரிக் குளிர் ரகங்களை யாராவது நம் பக்கம் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

கம்பத்துக் கொடி

அண்ணே, நான் சுருளிப்பட்டிக்காரன், வீட்டில் மூன்று தலைமுறையாகப் பன்னீர் திராட்சைதான். ஒன்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். குளிரைத் தாங்கும் என்பதை வைத்து ரகம் தேடாதீர்கள். உங்கள் மலைக் குளிர் எந்தத் திராட்சையையும் கொல்லாது, உங்கள் ஊர் மழைதான் கொல்லும்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வருவதற்குக் காரணம், மேற்கு மலை மழையை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது, தண்ணீர் மட்டும் முல்லைப் பெரியாற்று வழியாக எங்களுக்கு வந்துவிடுகிறது. வேரில் தண்ணீர், இலையில் வெயில், இதுதான் திராட்சை கேட்பது. அப்படியிருந்தும் ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மூடாக்குப் போட்டால் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும், அடிச்சாம்பல் என்கிற பூஞ்சை நோய். பூங்கொத்தில் விழுந்தால் அந்தப் பட்டம் போச்சு. உங்கள் ஊரில் கார்த்திகையில் இலை காய்வதற்கு எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அயோத்தியாப்பட்டணம் மாடி

என்னிடம் மாடியில் ஒரு பெரிய டிரம்மில் திராட்சை இருக்கிறது, நாலு வருடம் ஆகிறது. பச்சைப் பசேல் என்று பந்தல் முழுக்க இலை, காய் இரண்டு கொத்துக்கு மேல் வந்ததில்லை. சேலம் வெயிலில் இப்படி, மலையில் எப்படி என்று தெரிந்துகொள்ள நானும் இந்த இழையைத் தொடர்கிறேன்.

கம்பத்துக் கொடி

மாடி சகோ, கவாத்து செய்கிறீர்களா? இலையை எல்லாம் உருவிவிட்டு, போன பட்டத்துக் குச்சியை நாலைந்து மொட்டு விட்டு வெட்ட வேண்டும். நம் ஊரில் திராட்சை தானாகத் தூங்காது, தானாக எழுந்திருக்கவும் செய்யாது. கத்தரிதான் அதற்குக் குளிர்காலம். இதைத் தனி இழையாகப் போடுங்கள், விவரமாகச் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி தோட்டக்கலை

தோட்டக்கலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கேள்விக்குள்ளேயே ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது.

கடுங்குளிரைத் தாங்கும் பலம் ஒரு கொடியில் எந்நேரமும் இருப்பது இல்லை. அதே லா கிரசென்ட்டை ஜூலை மாதம் மினசோட்டாவிலேயே மைனஸ் 3-ல் வைத்தால் கருகிவிடும். அந்தப் பலத்தைச் செடி ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேர்க்கிறது. பகல் குறையக் குறைய நுனி வளர்வதை நிறுத்திவிடும். பச்சையாக இருந்த குச்சி பழுப்பேறி முற்றும், இலை உதிரும். அப்புறம் குளிர் படிப்படியாகக் கூடும்போது மொட்டு தன் உள்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும், செல்லுக்குள் சர்க்கரை அடர்த்தியாகும். மிச்சம் இருக்கும் நீர் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே போனாலும் உறையாமல் திரவமாகவே நிற்கும். அந்த எல்லையையும் தாண்டி உறைந்தால்தான் மொட்டு சாகும். ஐரோப்பியத் திராட்சையில், அதாவது சார்டனே, ரீஸ்லிங் போன்ற வினிஃபெரா வகைகளில், மைனஸ் 20-ஐத் தாண்டும்போதே மொட்டுச் சேதம் தொடங்கிவிடும். இந்தக் கலப்பினங்கள் அதிலிருந்து இன்னும் பத்து டிகிரிக்கும் கீழே போகும்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் ஆற்றங்கரைகளில் தானாக வளரும் விட்டிஸ் ரிப்பாரியா என்ற காட்டுத் திராட்சையிலிருந்து. பழம் சின்னது, கடும் புளிப்பு, ஆனால் மைனஸ் 40-லும் பிழைத்துக்கொள்ளும். இதையும் ருசியான வினிஃபெராவையும் தலைமுறை தலைமுறையாகக் கலந்துதான் இந்த ரகங்களை எடுத்தார்கள். மினசோட்டா பல்கலைக்கழகம் 1908-லேயே திராட்சை இனக்கலப்பைத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஒயினுக்கான வெள்ளை ரகம் லா கிரசென்ட் வெளிவந்தது 2002-ல். அப்புறம் 2012-ல் ஃப்ரோன்டினாக் பிளாங்க், 2017-ல் இடாஸ்கா. ஒரு நல்ல செடி வர எத்தனை பேருடைய ஆயுள் போகிறது பாருங்கள். இதில் ஒரு மனிதரைச் சொல்லாமல் விட முடியாது. எல்மர் ஸ்வென்சன், விஸ்கான்சினில் மாடு வளர்த்துப் பால் ஊற்றிய விவசாயி. 1943-ல் தன் நிலத்தில் சொந்த ஆர்வத்தில் திராட்சையை இனம் கலக்க ஆரம்பித்தவர். பிறகு பல்கலைக்கழகத்திலும் பத்து வருடம் வேலை செய்தார், கேட்டவர்களுக்கெல்லாம் குச்சி வெட்டிக் கொடுத்தார். லா கிரசென்ட்டின் தாய் தந்தை இரண்டுமே அவர் உண்டாக்கியவை.

இப்போது நம் மலைக்கு வருவோம். ரிப்பாரியா வழி வந்த கொடி பருவத்தை அறிவது முக்கியமாகப் பகலின் நீளத்தை வைத்து. மினசோட்டாவில் ஜூனில் பகல் 15 மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் 9 மணிக்கும் குறைவு. பகல் 13 மணி அளவுக்குச் சுருங்கினாலே ரிப்பாரியா வளர்ச்சியை நிறுத்தி உறக்கத்துக்குத் தயாராகத் தொடங்கிவிடும். நமக்கு வருடத்தின் மிக நீளமான பகலே பன்னிரண்டே முக்கால் மணிதான். அதாவது அந்தச் செடிக்கு ஏற்காட்டில் என்றைக்குமே கோடை இல்லை, வருடம் முழுக்க இலையுதிர்காலம். துளிர் விட்டு நாலு கணு வளர்வதற்குள் நிறுத்திக்கொள்ளப் பார்க்கும். உறங்கப் போனால் எழுப்பிவிடும் அளவுக்குக் குளிரும் நம்மிடம் கிடையாது. ஆகவே மைனஸ் 30 தாங்குமே, 12 தாங்காதா என்ற கணக்கு இந்தச் செடிக்குப் பொருந்தாது. உறைபனிக்கு அது தயாராகும் முறைதான் நம் ஊரில் அதற்குத் தடை.

குச்சியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது பற்றி. தயவுசெய்து வேண்டாம். 2003-ம் வருடத்துச் செடித் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதிச்சீட்டு, அந்த நாட்டு நோயின்மைச் சான்றிதழ், இங்கே வந்த பிறகு தனிமை வளர்ப்பு எல்லாம் உண்டு. சட்டம் ஒரு பக்கம். குச்சிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வைரஸ் வரும், அது கம்பம் வரைக்கும் போய்ச் சேர்ந்தால் எத்தனை குடும்பம்?

செம்மநத்தம் காப்பி

சார், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. குச்சி விஷயம் புரிந்தது, அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை, கேட்டுவிடுகிறேன். ஏற்காட்டில் இன்றைக்கு இருக்கிற எதுவுமே இங்கே பிறந்தது இல்லையே? காப்பி 1820-களில் காக்பர்ன் கலெக்டர் காலத்தில் வந்தது, பேரி வந்தது, சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. எல்லாம் ஊன்றிக்கொள்ளவில்லையா? நம் பக்கம் குளிர் போதாது என்றால் ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனியே விழுகிறதே, அங்கே தோட்டம் வைத்திருக்கிற நண்பரிடம் நட்டுப் பார்த்தால்?

அஸ்தம்பட்டி தோட்டக்கலை

காப்பி நம்மைப் போலவே வெப்ப மண்டலத்து மலையிலிருந்து வந்தது, எத்தியோப்பியாவும் ஏற்காடும் பகல் நீளத்தில் அண்ணன் தம்பி. அதே காலத்தில் ஆப்பிளும் கொண்டுவந்து வைத்தார்கள். இன்று ஏற்காட்டு ஆப்பிள் என்று சந்தையில் ஏதாவது பார்க்கிறீர்களா?

ஊட்டியிலும் பகல் நீளம் நமக்கு உள்ளதுதான். விடியலில் பூஜ்ஜியம், மதியம் 20 என்று ஆடுகிற குளிர் அது. செடி முற்றி உறுதியாகிற மாதிரி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகிற குளிர் இல்லை. தேயிலைக் கொழுந்து கருகுவது போலத்தான் திராட்சைத் துளிரும் கருகும்.

மினியாபொலிஸ் சேலத்துக்காரி

வணக்கம், பிறந்து வளர்ந்தது அம்மாபேட்டை, பதினோரு வருடமாக மினசோட்டா. இங்கே ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்தில் விடுமுறை நாட்களில் கூடமாட வேலை செய்கிறேன், லா கிரசென்ட் இரண்டு வரிசை நான் கவாத்து செய்ததுதான் என்று கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அதனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அஸ்தம்பட்டி சார் சொன்னதைக் கண்ணால் பார்க்கிற நாள் ஒன்று உண்டு. ஜனவரியில் பனியில் முழங்கால் வரை இறங்கிப் போய் ஆளுக்கொரு வரிசையில் குச்சி வெட்டிக்கொண்டு வருவோம். வீட்டுக்குள் ஒரு நாள் வைத்துவிட்டு, சவர பிளேடால் ஒவ்வொரு மொட்டாகக் குறுக்கே சீவிப் பார்ப்போம். பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, பழுப்பாக இருந்தால் செத்துவிட்டது. திராட்சையின் ஒரு மொட்டுக்குள் மூன்று மொட்டு இருக்கும், நடுவில் பெரியது, பக்கத்தில் இரண்டு சின்னது. நடு மொட்டு செத்தாலும் அடுத்தது துளிர்க்கும், ஆனால் காய் குறையும். நூறு மொட்டு சீவி எத்தனை பச்சை என்று எண்ணி, அதற்குத் தகுந்த மாதிரி அந்த வருடம் எத்தனை மொட்டு விட்டுக் கவாத்து செய்வது என்று முடிவு பண்ணுவார்கள். வெளியே மைனஸ் 28 அடித்த வாரத்துக்குப் பிறகு முதல் மொட்டைச் சீவி உள்ளே அந்தப் பச்சையைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, உறைபனியைத் தாங்கும் ரகம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், இங்கே அதை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். நடுக்குளிர்காலத்துக் கடுங்குளிர் ஒன்று, மே மாதம் துளிர் வந்த பிறகு ஒரு ராத்திரி திடீரென்று விழும் உறைபனி இன்னொன்று. முதலாவதில் இந்த ரகங்கள் பீமன். இரண்டாவதில் எல்லாக் கொடியும் ஒன்றுதான், பச்சைத் துளிர் மைனஸ் 2-க்கே கருகும். சொல்லப்போனால் ரிப்பாரியா வழி வந்தவை கொஞ்சம் வெதுவெதுப்புக் கண்டதும் சீக்கிரம் முளைத்துவிடும், அதனால் ஆபத்து கூடுதல். சில தோட்டங்களில் அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தெளிப்பான் ஓட்டுவார்கள். தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை விட்டுவிட்டுத்தான் உறையும், அந்தச் சூடு துளிரைக் காப்பாற்றும். விடியும்போது ஒவ்வொரு துளிரும் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி நிற்கும்.

செம்மநத்தம் அண்ணா, உங்களுக்குப் பிடித்த அந்த ஒயினைப் பற்றி ஒரு விஷயம். லா கிரசென்ட்டின் பெரிய தலைவலி புளிப்பு. சர்க்கரை நன்றாக ஏறிய பிறகும் சாற்றில் அமிலம் லிட்டருக்கு 10 கிராமைத் தாண்டி நிற்கும். பற்கள் கூசும். அதனால்தான் பெரும்பாலும் கொஞ்சம் சர்க்கரையை மிச்சம் வைத்து இனிப்புத் தட்டுகிற மாதிரி முடிக்கிறார்கள், நீங்கள் குடித்ததும் அப்படித்தான் இருந்திருக்கும். இடாஸ்காவை வெளியிட்டபோது இங்கே எல்லோரும் கொண்டாடியது அதில் புளிப்பு குறைவு என்பதற்காகத்தான். அடிச்சாம்பலும் சாம்பல் நோயும் அதை அவ்வளவாகத் தொடாது என்பது கூடுதல்.

மஞ்சக்குட்டை

எனக்கு எழுபத்து மூன்று வயது. பேரன் தட்டச்சு செய்கிறான். எங்கள் தோட்டத்திலும் ஒரு காலத்தில் திராட்சை வைத்தோம், 1990-களின் முதல் பாதி. சமவெளியில் ஒரு நாற்றுப்பண்ணையில் ஒயின் திராட்சை, மலைக்கு நன்றாக வரும் என்று சொல்லி அறுபது செடி கொடுத்தார்கள். என்ன ரகம் என்று எழுதிக்கூடக் கொடுக்கவில்லை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பெரிய செலவு. முதல் வருடம் நன்றாக ஏறியது. இரண்டாம் வருடம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை தீபம் வரை விடவில்லை, மேகம் தோட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. காப்பிக்கு அடிக்கிற போர்டோ கலவையைத்தான் அடித்தோம், அடித்தது காய்வதற்குள் அடுத்த மழை. இலை எல்லாம் எண்ணெய்ப் புள்ளி விழுந்து, அடியில் வெள்ளைப் பூத்து, மார்கழியில் கொடி மொட்டையாக நின்றது. காயில் பறவைக்கண் மாதிரிப் புள்ளி. மூன்றாம் வருடம் பிடுங்கிவிட்டேன். அந்தக் கல்தூண்கள் இன்றைக்கும் வேலியில் நிற்கின்றன.

தம்பிக்கு ஆசை இருக்கிறது, அதை நான் தடுக்கவில்லை. நான் செய்த தப்பு இரண்டு. இரண்டையும் சொல்கிறேன். நிழல் மரத்தைப் போதுமான அளவு கழிக்காமல் நட்டேன், காற்று ஓடவில்லை. மழைக்காலத்தில் கொடியில் இளந்துளிர் இருக்கும்படி விட்டேன், எப்போது வெட்டுவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. குளிர் என் செடிகளை ஒன்றும் செய்யவில்லை. கம்பத்துத் தம்பி சொன்னது முழுக்க உண்மை. காட்டெருமைக்கும் வேலி பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது அது வேறு அதிகம்.

கம்பத்துக் கொடி

ஐயா, வணங்குகிறேன். நீங்கள் சொன்ன அந்த இரண்டாவது தப்பில்தான் எல்லாமே இருக்கிறது. நான் இரண்டு நாளாக இதையே யோசித்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன், சரியா பாருங்கள்.

எங்கள் பக்கம் கோடைப் பழத்துக்கு மார்கழி, தையில் வெட்டுவோம், சித்திரை, வைகாசியில் அறுப்பு. மழைப் பழத்துக்கு வைகாசி, ஆனியில் வெட்டி ஆவணி, புரட்டாசியில் அறுப்பு. இரண்டு வருடத்தில் ஐந்து அறுப்பு எடுப்பவர்களும் உண்டு. ஏற்காட்டில் மழைப் பழத்தை மறந்துவிட வேண்டும். வருடத்துக்கு ஒரே பழம். கார்த்திகைக் கடைசியில் மழை அடங்குகிற நேரம் பார்த்து வெட்டினால், துளிர் மார்கழியில் வரும், அப்போது பனி விழும், ஆனால் மழை இல்லை. பூ தையில். காய் மாசி முழுக்கக் காய்ந்த வெயிலில் திரளும். பங்குனிக் கடைசியில் பழம். இதில் இடிக்கிற இடம் ஒன்றே ஒன்று, உங்கள் காப்பிக்குப் பூ எடுக்கிற கோடை மழை. பங்குனியில் காப்பிக்காரன் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவான், அதே மழை பழுத்த திராட்சையில் விழுந்தால் வெடித்துவிடும். அதற்கு முந்தியே அறுக்கப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசைக்கு மேலே பிளாஸ்டிக் கூரை.

அறுப்பு முடிந்ததும் ஒருமுறை குச்சிகளை மட்டும் ஒட்ட வெட்டிக் கொடியை மறுபடி கட்ட வேண்டும். அந்தத் துளிர் தென்மேற்கு மழைக்குள் முற்றிவிட வேண்டும். மகாராஷ்டிராவில் செய்கிற முறையும் இதேதான், ஏப்ரலில் ஒரு வெட்டு, அக்டோபரில் ஒரு வெட்டு, பழம் ஒன்று.

அப்புறம் அந்த அக்கா சொன்ன புளிப்பு விஷயம். அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. எங்கள் பழத்தில் இருக்கிற குறையே புளிப்பு போதாது என்பதுதானே? சாப்பிட நன்றாக இருக்கும், ஒயினுக்குச் சப்பென்று இருக்கும் என்பார்கள்.

அஸ்தம்பட்டி தோட்டக்கலை

கம்பத்துத் தம்பி சரியான இடத்தில் கை வைத்தார். பழத்தில் இருக்கும் மாலிக் அமிலம் வெப்பத்தில் எரிந்து போகும், அதிலும் இரவு சூடாக இருந்தால் வேகமாகப் போகும். நாசிக்கில் பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கும்போது வெயில் ஏறிவிடுவதால் அமிலம் இறங்கிவிடும், ஒயின் ஆலைகளில் டார்டாரிக் அமிலம் சேர்த்துச் சரிசெய்வது சகஜம். மினசோட்டாவில் புளிப்பைக் குறைக்கப் பாடுபடுகிறார்கள், இந்தியாவில் புளிப்பைக் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள். ஏற்காட்டில் மாசி மாத இரவு குளிர்ந்திருக்கும். 1500 மீட்டர் உயரம் திராட்சைக்குச் செய்யக்கூடிய நன்மை இதுதான். செம்மநத்தம் நண்பர் நம் மலைக் குளிரை நம்பியது வீண் இல்லை, ஆனால் அந்தக் குளிர் மொட்டுக்கு எதுவும் செய்யாது. பழத்தின் புளிப்பையும் வாசனையையும்தான் அது காப்பாற்றும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்று லா கிரசென்ட்டின் வம்சாவளியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தாய் செயின்ட் பெப்பின். தந்தை, ஸ்வென்சன் உண்டாக்கிப் பெயர் வைக்காமல் எண் மட்டும் கொடுத்த ஒரு செடி. அந்தச் செடி காட்டு ரிப்பாரியாவுக்கும் மஸ்கட் ஹாம்பர்க்குக்கும் பிறந்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்றால் யார்? கம்பத்துப் பன்னீர் திராட்சை! 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பழம்.

செம்மநத்தம் நண்பர் முதல் பதிவில் ஆப்ரிகாட், நாரத்தை, ஏதோ ஒரு பூ என்று எழுதியிருந்தார். அந்தப் பூ வாசனை மஸ்கட் குடும்பத்துச் சொத்து. மைனஸ் 30-ல் நின்ற கொடிக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஒரு பங்கு பன்னீருக்கு உண்டு.

மினியாபொலிஸ் சேலத்துக்காரி

ஐயோ சார், இவ்வளவு வருடம் அந்தக் கொடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. செப்டம்பரில் பழம் பறிக்கும்போதெல்லாம் இது ஏதோ தெரிந்த வாசனை என்று தோன்றும். செவ்வாய்பேட்டையில் தாத்தா பொட்டலம் கட்டி வாங்கி வரும் பன்னீர் திராட்சையின் ஞாபகம் வரும், வீட்டு ஏக்கம் என்று நினைத்து விட்டுவிடுவேன்.

கம்பத்துக் கொடி

எனக்கு எழுத வார்த்தை வரவில்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் 1832-ல் இந்தக் கொடியை எங்கள் பக்கம் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள், அந்தக் கொடி பனிதேசத்திலும் பேரன் எடுத்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

செம்மநத்தம் காப்பி

இரண்டு நாளாக எஸ்டேட் வேலை, இப்போதுதான் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தேன். மஞ்சக்குட்டை ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும் கையெடுத்து நன்றி. எட்டாயிரம் மைல் தாண்டித் தேடியது நம் மாநிலத்துக் கொடியிலேயே இருந்திருக்கிறது, நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும். பன்னீர் கறுப்பாச்சே, அதில் வெள்ளை ஒயின் எப்படி?

அஸ்தம்பட்டி தோட்டக்கலை

ஒரு பழத்தை எடுத்துத் தோலை உரித்துப் பாருங்கள், சதை வெளுப்புதான். நிறம் முழுக்கத் தோலில் இருக்கிறது. பறித்த கையோடு மெதுவாகப் பிழிந்து, தோலைத் தனியே எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்கவைத்தால் வெளிர் நிறத்தில் வரும், கொஞ்சம் இளஞ்சிவப்பு தட்டலாம். ஆனால் நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் வடிப்பது 1937-ம் வருடத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கொடி வளர்க்கவும் பழம் விற்கவும் யாரும் தடை சொல்ல மாட்டார்கள். முதலில் ஏற்காட்டுப் பன்னீரில் அமிலம் எவ்வளவு நிற்கிறது, சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று இரண்டு மூன்று வருடம் அளந்து வையுங்கள். ஏற்காட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தேனியில் ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே தனி நிலையம் இருக்கிறது, இரண்டு இடத்திலும் போய்ப் பேசுங்கள். வெள்ளை ரகம்தான் வேண்டும் என்றால் நோய் எதிர்ப்புள்ள ரகமாக, முறைப்படி நாட்டுக்குள் வந்ததாகக் கேட்டுப் பாருங்கள். உறைபனியைத் தாங்குமா என்று கேட்க வேண்டியதில்லை, மழையைத் தாங்குமா என்று கேளுங்கள்.

மஞ்சக்குட்டை

என் வேலியில் இருக்கும் கல்தூணில் முப்பது நல்ல நிலையில் இருக்கிறது. தம்பி ஒரு டெம்போ கொண்டுவந்தால் எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம்.

செம்மநத்தம் காப்பி

ஐயா, என்ன சொல்வது என்றே தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன். சரிவின் மேல்பக்கம் இருக்கும் நாலு சில்வர் ஓக்கையும் கழித்துவிடுகிறேன். இந்த ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் காலையில் இலை எத்தனை மணிக்குக் காய்கிறது என்று தினமும் நோட்டில் எழுதி இங்கே போடுகிறேன். கம்பத்துத் தம்பி, பன்னீர்க் குச்சி எப்போது கிடைக்கும்? பத்துப் பன்னிரண்டு செடி போதும், முதலில் கற்றுக்கொள்கிறேன்.

கம்பத்துக் கொடி

மார்கழி வெட்டில் எடுத்து வைக்கிறேன் அண்ணே. பென்சில் கனம், நன்றாக முற்றிய குச்சி, நாலு கணு இருக்கும்படி வெட்டி ஈரச் சாக்கில் சுற்றித் தருகிறேன். மேல்நுனியைச் சாய்த்தும் அடிநுனியை நேராகவும் வெட்டியிருப்பேன், தலைகீழாக நட்டுவிடாதீர்கள். முப்பது குச்சி வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாம் வேர் விடாது. பையில் மணலும் மக்கிய தொழுவுரமும் செம்மண்ணும் கலந்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றி, காப்பி நாற்று வைக்கிற நிழலிலேயே வையுங்கள். ஆனியில் நடலாம். குழி இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், வரிசைக்கு வரிசை பத்தடி, செடிக்குச் செடி ஆறரை அடி. கவாத்துக்கு நானே கத்தரியோடு வருகிறேன், இதுவரை ஏற்காடு பார்த்ததில்லை.